டவுன் சிண்ட்ரோம் என்று தெரிந்த பிறகு மரபணு ஆலோசனை: போகலாமா?

போகலாம். குரோமோசோம் அறிக்கையை வாங்கிய கையோடு, அதிலுள்ள எழுத்துகளையும் எண்களையும் இரவெல்லாம் கைபேசியில் தேடிக் கண் எரிவதற்கு முன்பே போகலாம். நாங்கள் போன மரபணு ஆலோசனை மையத்துக்கு ஐந்துக்கு நான்கு மதிப்பெண் தருவேன். ஒன்றைக் குறைத்த காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

நான் கணக்குத் தணிக்கை செய்பவள். ஒரு தொகை எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் அடுத்த பக்கத்தைத் திருப்ப மாட்டேன். மகள் பிறந்த மறுநாள் குழந்தை மருத்துவர் வந்து பார்த்தார். உடல் தளர்வாக இருக்கிறது, கண்கள் சற்று மேல்நோக்கிச் சாய்ந்திருக்கின்றன, உள்ளங்கையில் ஒற்றை ரேகை குறுக்கே ஓடுகிறது, காலில் பெருவிரலுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி அதிகம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். இவற்றில் எதுவும் தனியாக இருந்தால் பொருட்படுத்த மாட்டேன், எல்லாம் சேர்ந்து இருப்பதால் ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும் என்றார். நேர்மையான பேச்சு. ஆனால் ஏன், எப்படி என்று கேட்டதற்கு, "குரோமோசோம் விஷயம், அதற்கென்று ஆட்கள் இருக்கிறார்கள்" என்று ஒரு பரிந்துரைக் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அந்தக் கடிதத்தைப் பிடித்துக்கொண்டு போனதுதான் இந்த மையம்.

அதற்கு முன் பரிசோதனைகள். டவுன் சிண்ட்ரோமில் கூடிப்போவது 21ஆம் குரோமோசோம். அதற்கு முதலில் விரைவுப் பரிசோதனை, ஃபிஷ் என்பார்கள். 21ஆம் குரோமோசோமில் போய் ஒட்டிக்கொள்ளும் ஒளிரும் துண்டு ஒன்றைச் செல்லுக்குள் செலுத்தி, எத்தனை புள்ளிகள் ஒளிர்கின்றன என்று எண்ணுகிறார்கள். இரண்டு தெரிய வேண்டிய இடத்தில் மூன்று. இரண்டொரு நாளில் முடிவு வந்துவிட்டது. அதற்குப் பிறகும் எல்லாக் குரோமோசோம்களையும் படமெடுத்து வரிசைப்படுத்திப் பார்க்கும் கேரியோடைப் என்று இன்னொன்று வேண்டுமாம், வாரக்கணக்கில் ஆகுமாம். மூன்று என்று தெரிந்தாகிவிட்ட பிறகு மறுபடி எதற்கு எண்ண வேண்டும் என்று ஆய்வகத்தின் முகப்பில் இருந்தவரிடம் கேட்டேன். "எல்லாருக்கும் இப்படித்தான் மேடம்" என்றார். அதே மூச்சில், நீங்களும் சாரும் இப்போதே ரத்தம் கொடுத்துவிட்டால் மூன்று பேருக்கும் சேர்த்துச் செய்யலாம், கட்டணத்தில் சலுகை உண்டு என்றும் சொன்னார். நாங்கள் கொடுக்கவில்லை.

ஆலோசனை மையத்தில் முதலில் கேட்ட கேள்வியும் இதுதான். ஆலோசகர் அரை நிமிடத்தில் விளக்கிவிட்டார். விரைவுப் பரிசோதனை எண்ணிக்கையைச் சொல்லும். கூடுதலாக வந்தது எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதைச் சொல்லாது. மூன்றாவது 21 தனியாக நிற்கலாம். அல்லது வேறொரு குரோமோசோமோடு, பெரும்பாலும் 14ஆவதோடு, ஒட்டிக்கொண்டு நிற்கலாம். இரண்டிலும் தெரிவது மூன்று புள்ளிகள்தான். குழந்தைக்கு அதனால் வேறுபாடில்லை. ஆனால் அடுத்த குழந்தையைப் பற்றியும், உங்கள் அண்ணன் தங்கை வீட்டுக் குழந்தைகளைப் பற்றியும் நான் சொல்லப்போகும் பதில் அடியோடு மாறும் என்றார். இதை ஒரு வரியாக அச்சடித்து ஆய்வக முகப்பில் ஒட்டி வைத்திருந்தால் எத்தனையோ பேருக்கு மன உளைச்சல் மிச்சமாகும்.

சேவை எப்படி நடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். முன்பதிவு கட்டாயம். கணவனும் மனைவியும் சேர்ந்து வரச் சொல்கிறார்கள். குழந்தையையும் எடுத்துப் போகலாம், நடுவில் பால் கொடுக்க மறைவிடம் இருக்கிறது. அறிக்கையின் நகலை முன்கூட்டியே வாங்கிப் படித்துவிட்டுத்தான் உட்காருகிறார்கள். நம் கண்ணெதிரே உறையைப் பிரித்து முகம் மாறும் நாடகம் இல்லை. ஆலோசகர் முதலில் கேட்டது குழந்தையின் பெயரை. அடுத்த ஒரு மணி நேரமும் அந்தப் பெயரைச் சொல்லித்தான் பேசினார். மருத்துவமனையில் அதுவரை எல்லாரும் "டவுன் பேபி" என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

பிறகு ஒரு வெள்ளைத் தாளில் குடும்ப வரைபடம் போட்டார். ஆண்களுக்குச் சதுரம், பெண்களுக்கு வட்டம், மூன்று தலைமுறை. யாருக்காவது கருச்சிதைவு நடந்திருக்கிறதா, பிறந்த சில நாளில் இறந்த குழந்தை உண்டா, பேச்சோ நடையோ தாமதமான பிள்ளைகள் உண்டா என்று இரண்டு பக்கமும் ஒரே அளவு பொறுமையோடு கேட்டார். வீட்டில் இந்தக் கேள்வி வேறு தொனியில் வந்துகொண்டிருந்தது. "எங்கள் பக்கத்தில் யாருக்கும் இப்படி இல்லையே அம்மா" என்று என் மாமியார் சொன்னது குற்றச்சாட்டு என்று நினைக்கவில்லை, அவருக்கும் குழப்பம்தான். ஆனால் கேட்கும் காதுக்கு அது குற்றச்சாட்டாகத்தான் விழும். தாளில் எங்கள் இரு குடும்பங்களும் சதுரமும் வட்டமுமாக வரிசையாக நின்றபோது, நிழலிடப்பட்டது எங்கள் மகளின் ஒரே ஒரு வட்டம்தான். அந்த வட்டத்துக்கு மேலே எந்தக் கோட்டிலும் கருமை இல்லை.

இனி இந்தச் சேவையில் நான் மிகவும் மதிக்கும் பகுதி. ஆலோசகர் மேசை இழுப்பறையிலிருந்து சிவப்பும் நீலமுமாகக் களிமண் திரிகளை எடுத்து வைத்தார். பிள்ளைகள் விளையாடும் அதே களிமண். ஒரு நிறம் என் அம்மாவிடமிருந்து எனக்கு வந்த 21, இன்னொன்று என் அப்பாவிடமிருந்து வந்த 21. நம் உடலின் சாதாரணச் செல்களில் 46 குரோமோசோம்கள், அதாவது 23 ஜோடிகள். கருமுட்டைக்குள் ஒவ்வொரு ஜோடியிலிருந்தும் ஒன்றுதான் போக வேண்டும். அதற்காகச் செல் இரண்டு சுற்றில் பிரிகிறது. முதல் சுற்றுக்கு முன்னால் ஜோடிகள் ஒன்றையொன்று தேடிப் பக்கத்தில் வந்து, தங்களுக்குள் சில துண்டுகளை மாற்றிக்கொண்டு, பிறகு எதிரெதிர்த் திசையில் விலக வேண்டும். அவர் சிவப்புத் திரியின் நுனியைக் கிள்ளி நீலத்தில் ஒட்டி, நீலத்தின் நுனியைச் சிவப்பில் ஒட்டிக் காட்டினார்.

"இந்த நிலை வரைக்கும் வந்து அப்படியே நின்றுவிடும். எப்போது என்று நினைக்கிறீர்கள்?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. நான் என் அம்மாவின் வயிற்றில் இருந்தபோதே என்றார்.

என் கருமுட்டைகள் எல்லாம் நான் பிறப்பதற்கு முன்பே முதல் பிரிவைத் தொடங்கி, பாதியில் நிறுத்தி, காத்திருந்திருக்கின்றன. ஒவ்வொன்றும் அது முதிர்ந்து வெளிவரும் அந்த மாதத்தில்தான் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது. சிலது 15 ஆண்டு காத்திருக்கும், சிலது 40 ஆண்டு. அத்தனை காலமும் ஜோடியைப் பிடித்துவைத்திருப்பது கோஹெசின் என்ற வளையம் போன்ற புரதம். அது நாள்பட நாள்பட நெகிழ்கிறது. பிடி நெகிழ்ந்தால் பிரியும் வேளையில் ஒழுங்கு தப்புகிறது. ஆளுக்கொரு பக்கம் போக வேண்டிய இரண்டும் ஒரே பக்கம் போய்விடுகின்றன. அந்தக் கருமுட்டையில் இரண்டு 21. விந்தணு கொண்டுவருவது ஒன்று. மூன்றாகிவிட்டது. இதுதான் டிரைசோமி 21, டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களில் சுமார் 95 விழுக்காட்டினருக்கு இருப்பது இந்த வகைதான்.

கணவர் அதுவரை பேசவே இல்லை. "என் பக்கமிருந்தும் வந்திருக்கலாமா?" என்று கேட்டார். வந்திருக்கலாம். பத்தில் ஒன்பது முறை கூடுதல் குரோமோசோம் கருமுட்டையிலிருந்து வருகிறது. மீதியில் பெரும்பகுதி விந்தணுவிலிருந்து. சிறு பங்கு கரு உருவான பிறகு நடக்கும் பிரிவில். எங்கள் மகளுக்கு எது என்று கண்டுபிடிக்க வழி இருக்கிறது, ஆனால் தெரிந்தால் சிகிச்சையும் மாறாது, அடுத்த கர்ப்பத்துக்கான ஆலோசனையும் மாறாது, எனவே அதைச் செய்யச் சொல்ல மாட்டேன் என்றார் ஆலோசகர். காசு வாங்கிக்கொண்டு செய்து கொடுத்திருக்கலாம். செய்யவில்லை. மதிப்பெண்ணில் பாதியை இந்த ஒரு பதிலுக்கே கொடுப்பேன்.

பத்தில் ஒன்பது என்று கேட்டவுடன் எனக்கு என்ன ஆகும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. நான் வாயைத் திறப்பதற்குள், கர்ப்பத்தில் எவ்வளவு வேலை செய்தீர்கள், என்ன சாப்பிட்டீர்கள், எதைத் தூக்கினீர்கள், எதற்குப் பயந்தீர்கள் என்பவற்றில் எதுவும் இதில் சேராது என்று சொல்லிவிட்டார். கர்ப்பம் உறுதியாவதற்கு முன்பே, பெரும்பாலும் கருத்தரிப்பதற்கும் முன்பே, முடிந்துவிட்ட காரியம். குழந்தை பெற்ற களைப்போடு இருக்கும் ஒருத்தியிடம் இதைப் பொத்தாம்பொதுவாக "உங்கள் தவறில்லை" என்று சொன்னால் ஒட்டாது. சொன்னவர்கள் பலர், எதுவும் ஒட்டவில்லை. களிமண் திரியை வைத்துக் காலவரிசையோடு சொன்னதால் ஒட்டியது.

வயதுக் கணக்கும் வந்தது. "உனக்கு என்ன வயதாகிவிட்டது, இதெல்லாம் நாற்பதில் பெறுபவர்களுக்கு வருவதாயிற்றே" என்று ஆளாளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஆலோசகர் கொடுத்த எண்கள்: தாய்க்கு 25 வயதென்றால் ஏறத்தாழ 1,250 பிறப்புகளில் ஒன்று, 35 என்றால் 350இல் ஒன்று, 40 என்றால் 100இல் ஒன்று. அப்படியானால் நாற்பதுகளில் இருப்பவர்களுக்குத்தானே அதிகம் பிறக்க வேண்டும்? விகிதம் வேறு, மொத்தம் வேறு. பிள்ளை பெறுபவர்களில் இளம்பெண்களே பெருங்கூட்டம் என்பதால், டவுன் சிண்ட்ரோமோடு பிறக்கும் குழந்தைகளில் பெரும்பாலோருக்கு 35 வயதுக்குட்பட்ட தாய்மார்கள்தான். என் தொழிலில் இது அன்றாடம் பார்ப்பது: சிறிய விகிதத்தைப் பெரிய தொகையால் பெருக்கினால் வருவது பெரிய எண். உறவினர்களுக்கு இதை விளக்க முயன்று கைவிட்டேன்.

அறிக்கைக்கு வருவோம். முதல் வரியில் "47, எக்ஸ்எக்ஸ், +21" என்று இருந்தது. மொத்தம் 47, பெண், கூடுதலாக ஒரு 21. அடுத்த பக்கத்தில் படம். குழந்தையின் ரத்தத்திலுள்ள வெள்ளணுக்களை மூன்று நாள் போல வளர்த்து, அவை பிரியப்போகும் தருணத்தில் மருந்து விட்டு நிறுத்தி, நீர்த்த உப்புக் கரைசலில் ஊதவைத்து, கண்ணாடித் தகட்டில் சொட்டிச் சாயமேற்றி எடுத்த படம். குட்டையும் நெட்டையுமாக, உடம்பெல்லாம் கறுப்பு வெள்ளைப் பட்டைகளோடு, ஜோடி ஜோடியாக வரிசைப்படுத்தியிருந்தார்கள். 1 முதல் 22 வரை, கடைசியில் இரண்டு எக்ஸ். எல்லாம் இரண்டிரண்டாக நிற்க, 21க்கு மேலே மட்டும் மூன்று சின்னஞ்சிறு துண்டுகள்.

நான் உற்றுப் பார்த்துவிட்டு, 22ஆவது 21ஐவிடப் பெரிதாகத் தெரிகிறதே, அளவின்படி எண் கொடுத்திருக்கிறார்கள் என்றால் வரிசை தவறாயிற்றே என்றேன். ஆலோசகர் சிரித்துவிட்டார். உண்மைதான், பாலினத்தைத் தீர்மானிக்காத குரோமோசோம்களில் 21தான் மிகச் சிறியது. எண் கொடுத்த காலத்தில் சரியாக அளக்க முடியவில்லை, பிறகு மாற்றினால் குழப்பம் என்று விட்டுவிட்டார்கள். எங்கள் அலுவலகத்தில் இது நடந்திருந்தால் நான் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டேன். சிறியது என்பதில் வேறொரு பொருளும் இருக்கிறது. இதில் புரதத்துக்கான மரபணுக்கள் இருநூற்றுச் சொச்சம்தான். பெரிய குரோமோசோம்களில் ஒன்று கூடிப்போனால் கரு பெரும்பாலும் தங்குவதே இல்லை. 13, 18 ஆகியவற்றில் கூடிப் பிறப்பவர்கள் உண்டு, ஆனால் மிகக் கடினமான பிறப்புகள். பாலினத்தைத் தீர்மானிக்காதவற்றில் 21 மட்டும்தான் வளர்ந்து, பள்ளிக்குப் போய், வேலைக்கும் போகிற அளவுக்கு இடம் கொடுக்கிறது.

காத்திருப்பு அறையில் ஒரு சுவரொட்டி இருக்கிறது, அதைப் பற்றி ஒரு முறைப்பாடு. ஜான் லாங்டன் டவுன் 1866இல் இந்த நிலையை விவரித்தார், ஜெரோம் லெஜூன் 1959இல் காரணத்தைக் கண்டுபிடித்தார் என்று இரண்டு படங்களோடு போட்டிருக்கிறார்கள். 1959ஆம் ஆண்டின் அந்தக் கட்டுரையில் மூன்று பெயர்கள் உண்டு: லெஜூன், மார்த் கோத்தியே, ரெமோன் டூர்பன். செல்லை வளர்த்துக் குரோமோசோமை எண்ணும் நுட்பத்தை அந்த ஆய்வகத்துக்குக் கொண்டுவந்து, கண்ணாடித் தகடுகளைத் தயார் செய்தவர் கோத்தியே என்ற பெண் மருத்துவர். அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்புவரை மனிதனுக்கு 48 குரோமோசோம்கள் என்றுதான் உலகமே நம்பிக்கொண்டிருந்தது. 1956இல்தான் ஜோ ஹின் ட்ஜியோவும் ஆல்பர்ட் லெவனும் 46 என்று எண்ணிச் சொன்னார்கள். எண்ணுவதை எளிய வேலை என்று நினைப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன். சுவரொட்டியில் கோத்தியேவுக்கு ஒரு மூலை ஒதுக்கியிருக்கலாம்.

அடுத்த குழந்தை பற்றிய பேச்சு. இதைக் கேட்கவே கூச்சமாக இருந்தது. மடியில் ஒன்று தூங்கிக்கொண்டிருக்கும்போது அதன் எதிரிலேயே கேட்பதுபோல் இருந்தது. அவரே எடுத்தார். மூன்றாவது 21 தனியாக நிற்கும் எங்கள் வகையில், அடுத்த முறை மறுபடியும் வருவதற்கான வாய்ப்பு இளம்வயதில் சுமார் நூறில் ஒன்று. வயது ஏறினால் வயதுக்குரிய எண் அதைத் தாண்டிவிடும். நூறில் ஒன்று என்று சொன்ன அதே குரலில், நூறில் தொண்ணூற்றொன்பது முறை வராது என்றும் சொன்னார். இரண்டும் ஒரே கணக்குதான், ஆனாலும் இரண்டையும் சொல்ல வேண்டும் என்று தெரிந்து சொல்பவர்கள் குறைவு.

ஒட்டிக்கொண்ட வகையானால், அதாவது டிரான்ஸ்லொகேஷன் என்றால், கதை வேறு. நூறில் மூன்று நான்கு பேருக்கு இப்படி. அதிலும் பெரும்பாலானவை புதிதாக நேர்ந்தவைதான், ஆனால் சில குடும்பங்களில் தாயோ தந்தையோ ஒட்டிய குரோமோசோமைச் சுமந்துகொண்டு, மொத்தம் 45 மட்டும் வைத்துக்கொண்டு, எந்தக் குறையும் இல்லாமல் இருப்பார். 14ஓடு ஒட்டியதைத் தாய் சுமந்தால் அடுத்த குழந்தைக்கு வாய்ப்பு நூறில் 10 முதல் 15. தந்தை சுமந்தால் நூறில் ஒன்றிரண்டு. இரண்டு 21களும் ஒன்றோடொன்று ஒட்டியதைச் சுமப்பவருக்குப் பிறக்கும் எல்லாக் குழந்தைகளுக்கும் டவுன் சிண்ட்ரோம் இருக்கும். அப்போதுதான் பெற்றோர் இருவரின் ரத்தத்தையும் பார்க்க வேண்டும். எங்கள் மகளின் படத்தில் மூன்றும் தனித்தனியே நிற்பதால் எங்களுக்கு அது தேவையே இல்லை. சலுகைக் கட்டணத்தில் தள்ளிவிடப் பார்த்த அந்த ஆய்வகத்தை நினைத்துக்கொண்டேன். என் தங்கை அப்போது கர்ப்பமாக இருந்தாள், பயந்துபோயிருந்தாள். இந்த வகையில் அவளுக்குக் கூடுதல் ஆபத்து எதுவும் இல்லை என்று அவளுடைய மருத்துவரிடம் காட்ட ஒரு பத்தியில் எழுதிக் கொடுத்தார்கள். தனிக் கட்டணம் கேட்கவில்லை.

அடுத்த கர்ப்பத்தில் பார்க்க விரும்பினால் உள்ள வழிகளையும் சொன்னார். பத்து வாரம் ஆனபின் தாயின் ரத்தத்தில் செய்யும் பரிசோதனை. அதில் பார்ப்பது நஞ்சுக்கொடியிலிருந்து வந்து கலக்கும் டிஎன்ஏவை என்பதால் அது சல்லடைதான், முடிவு அல்ல. முடிவு வேண்டுமானால் 11 முதல் 13 வாரத்துக்குள் நஞ்சுக்கொடித் திசுவிலோ, 15 வாரத்துக்குப் பின் பனிக்குட நீரிலோ பார்க்க வேண்டும். செய்யுங்கள் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. எதையும் செய்யாமல் இருப்பதும் ஒரு வழி என்று அதே பட்டியலில் சேர்த்துச் சொன்னார்.

மொசைக் என்ற வகையைப் பற்றி இணையத்தில் படித்துவிட்டுக் கணவர் அதில் தொங்கிக்கொண்டிருந்தார். சில செல்களில் 47, சிலவற்றில் 46. நூறில் ஒன்றிரண்டு பேருக்கு இருக்கும். எங்கள் அறிக்கையில் எண்ணிய 20 செல்களிலும் 47. இன்னும் நிறைய எண்ணினால், கன்னத்துச் செல்லில் பார்த்தால் என்று அவர் விடவில்லை. ஆலோசகர் அவரை நெடுநேரம் பேசவிட்டார். பிறகு, மொசைக் என்று வந்தாலும் ரத்தத்தில் இருக்கும் விழுக்காடும் மூளையில் இருக்கும் விழுக்காடும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை, அந்த எண்ணை வைத்து உங்கள் மகள் எப்போது பேசுவாள் என்று யாராலும் சொல்ல முடியாது என்றார். கணவருக்கு இது பிடிக்கவில்லை. எனக்கு ஆலோசகர் மேல் நம்பிக்கை வந்ததே இந்த இடத்தில்தான்.

லேசானதா கடுமையானதா என்று நாங்கள் கேட்டதற்கும் அதே பதில். 47 என்ற எண்ணில் அது எழுதப்படவில்லை. ஒரே எண் உள்ள இருவர் இரண்டு விதமாக வளர்கிறார்கள். மற்ற 46லும் இருக்கும் குடும்பச் சாயல்கள், இதயம், காது, கிடைக்கும் பயிற்சி எல்லாம் சேர்ந்துதான் தீர்மானிக்கும்.

இங்கேதான் என் குறை தொடங்குகிறது. இதயம், காது என்று வாயால் சொன்னவர், அப்படியானால் இப்போது என்ன செய்ய வேண்டும் என்று கேட்டதும், "அதெல்லாம் உங்கள் குழந்தை மருத்துவர் பார்த்துக்கொள்வார்" என்று முடித்துவிட்டார். குழந்தை மருத்துவரோ மரபணு ஆட்கள் சொல்வார்கள் என்று இங்கே அனுப்பியவர். நடுவில் நிற்பது நாம். குரோமோசோம் ஏன் மூன்றானது என்று ஒரு மணி நேரம் விளக்கும் இடத்தில், அதனால் இந்த மாதம் பார்க்க வேண்டியவை எவை என்று ஒரு தாள் கொடுக்க முடியாதா?

நான் துருவிக் கேட்டு எழுதிக்கொண்டதைக் கீழே தருகிறேன், கேட்காமலே கிடைத்திருக்க வேண்டியவை. இந்தக் குழந்தைகளில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு இதயத்தில் பிறவிக் கோளாறு இருக்கும். ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்கும்போது சத்தம் எதுவும் வராவிட்டாலும் இருக்கலாம் என்பதால் எல்லாருக்கும் எக்கோ, அதாவது இதய ஸ்கேன், எடுத்தாக வேண்டும். எங்கள் மகளுக்குச் சிறு துளை ஒன்று இருந்தது, தானாக மூடிக்கொள்ள வாய்ப்பு உண்டு என்று கண்காணிக்கிறார்கள். முதல் சில நாட்களிலேயே ரத்த அணுக்களின் எண்ணிக்கை பார்க்க வேண்டும், சிலருக்கு வெள்ளணுக்கள் தற்காலிகமாகத் தாறுமாறாக ஏறும். தைராய்டு பிறந்ததும், ஆறாம் மாதத்தில், ஓராண்டில், பிறகு ஆண்டுதோறும். காதும் கண்ணும் முதல் ஆறு மாதத்துக்குள். பால் குடித்தவுடன் பச்சையாக வாந்தி வந்தால் காத்திருக்கக் கூடாது, சிறுகுடல் அடைப்பு இவர்களுக்கு மற்றவர்களைவிட அதிகம். எடை, உயரத்துக்கு டவுன் சிண்ட்ரோம் குழந்தைகளுக்கென்றே தனி வளர்ச்சி வரைபடம் உண்டு. பொது வரைபடத்தில் புள்ளி வைத்துவிட்டு வளரவில்லையே என்று அழ வேண்டாம். தசைத் தளர்வுக்கான பயிற்சியை முதல் மாதங்களிலேயே தொடங்கலாம். மயக்க மருந்து கொடுக்கும் அறுவை சிகிச்சை எது வந்தாலும், கழுத்தின் மேற்பகுதி எலும்புகள் தளர்வாக இருக்கலாம் என்று மயக்கவியல் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

கையேடு என்று ஒன்று கொடுத்தார்கள். தாளும் அச்சும் அருமை, உள்ளே எழுதியிருப்பது பழசு. ஆயுள் குறைவு என்று ஒரே வரியில் முடித்திருக்கிறார்கள். 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் இவர்களின் சராசரி ஆயுள் 25 ஆண்டு அளவில்தான் இருந்தது. இன்று 60 அளவில். இந்த ஏற்றத்துக்கு முக்கியக் காரணங்களில் ஒன்று இதய அறுவை சிகிச்சை மறுக்கப்படாமல் செய்யப்படுவது. இந்த இரண்டாவது பாதியை எழுதாமல் முதல் பாதியை மட்டும் புதுப் பெற்றோரிடம் கொடுப்பது பொறுப்பற்ற வேலை. ஆலோசகரிடம் சொன்னேன், அவரும் அந்தப் பக்கத்தைப் பிடிக்காமல்தான் வைத்திருப்பதாகச் சொன்னார். பிடிக்காவிட்டால் கிழித்துவிட்டுக் கொடுக்கலாமே.

சந்திப்பு முடிந்து சில நாளில் பேசியவற்றைத் தொகுத்துக் கடிதம் அனுப்புகிறார்கள். நல்ல ஏற்பாடு, அன்று காதில் விழுந்ததில் பாதி மறந்துவிடும். முதலில் வந்தது மருத்துவர் மருத்துவருக்கு எழுதியதுபோல் இருந்தது. எங்கள் வீட்டில் எல்லாரும் படிக்கும்படி வேண்டும் என்று கேட்டேன். திருத்தி எழுதி அனுப்பினார்கள், மனம் கோணாமல். அந்தத் திருத்திய கடிதத்தை மாமியார் கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார். எந்தப் பக்கம் என்ற பேச்சு அதற்குப் பிறகு எழவில்லை. இப்போது எக்கோ எப்போது, தைராய்டு எப்போது என்று என்னைவிட அவர்தான் நாள்காட்டியில் குறித்து வைக்கிறார்.

போகிறவர்களுக்கு: கேரியோடைப் அறிக்கை வந்த பிறகு பதிவு செய்யுங்கள், விரைவுப் பரிசோதனையின் முடிவோடு மட்டும் போனால் பாதிப் பதில்தான் கிடைக்கும். அறிக்கையின் எழுத்துப் பக்கத்தோடு படம் உள்ள பக்கத்தையும் ஆய்வகத்தில் கேட்டு வாங்குங்கள், சில இடங்களில் கேட்டால்தான் தருகிறார்கள். காலை முதல் நேரத்தைக் கேளுங்கள், உங்களுக்கு முன்னால் ஆள் இருக்காது. உடல்நலப் பரிசோதனைகளின் பட்டியலை எழுத்தில் கேளுங்கள். இல்லை என்றால் மேலே நான் எழுதியதை நீட்டி, சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள். கையேட்டை வாங்காதீர்கள்.